99 ரூபாய் ஹோஸ்டிங்கில் லாட்ஜ் வெப்சைட் நடத்தின அனுபவம்

வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், காந்தி ரோட்டை ஒட்டின ஒரு சந்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு லாட்ஜ் இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. அவருக்கு மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த லாட்ஜுக்கு ஒரு வெப்சைட் வைத்து, அதற்கு மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல வெப்சைட்டுகளுக்குப் பங்கு போட்டு வாடகைக்கு விடுகிற இடம்) வாங்கி, அது எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்பதையெல்லாம் பணமும் தூக்கமும் செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முன்னாடியே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ஆரணியில் பட்டுப் புடவை நெய்கிறவர்கள், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் லெதர் பை, செருப்பு செய்கிறவர்கள், ராணிப்பேட்டையில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் என்று நம்ம பக்கத்தில் இப்போது நிறையப் பேர் சொந்தமாக வெப்சைட் வைக்கப் பார்க்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

எங்களிடம் தங்குகிறவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளம், அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட், அப்புறம் பங்களாதேஷ் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்கள். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும்போதே களைத்துப்போயிருப்பார்கள், கூட ஒரு நோயாளி இருப்பார், மொழியும் தெரியாது. ஸ்டேஷனில் யார் வந்து பேசுகிறார்களோ அவர்கள் காட்டின லாட்ஜுக்குப் போய்விடுவார்கள். அந்த கமிஷன் எங்கள் வாடகையிலிருந்துதான் போகும், கடைசியில் அது அந்த நோயாளியின் தலையில்தான் விழும். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னாடியே அவர்கள் எங்களை நேராகப் பார்த்துப் பேசினால் இரண்டு பக்கமும் நல்லது என்றுதான் வெப்சைட் வைத்தேன். அவர்கள் கேட்கிற கேள்விகள் ரொம்ப சாதாரணமானவை. ரூமிலேயே சமைக்க ஸ்டவ் உண்டா, லிஃப்ட் இருக்கிறதா, ஓபி கேட்டுக்கு நடந்து போக எவ்வளவு நேரம், மாச வாடகைக்குக் குறைப்பீர்களா. 2022-இல் ரத்தினகிரி பக்கம் கன்னிகாபுரத்தில் சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு, எங்கள் டாக்டர் எந்த வளாகத்தில் இருக்கிறார், அங்கே போக எப்படி என்கிற கேள்வியும் சேர்ந்துகொண்டது. இதையெல்லாம் வங்காளியிலும் இந்தியிலும் எழுதிப் போட்டேன். எழுதிப் போட்டதற்குப் பலன் கிடைத்தது, கூகுளில் தேடி நேரே போன் பண்ண ஆரம்பித்தார்கள்.

ஹோஸ்டிங் வாங்கின கதைக்கு வருகிறேன். விளம்பரத்தில் மாதம் 99 ரூபாய் என்று போட்டிருந்தது. அந்த 99 ரூபாய் மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான். 36 மாதத்துக்கு 3,564 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4,205 ரூபாய். மாதாமாதம் கட்டுகிறேன் என்றால் விலை பல மடங்கு. சரி, மூன்று வருடத்துக்கு நாலாயிரம் சொச்சம்தானே, ஸ்டேஷனில் கொடுக்கிற கமிஷனில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது என்று கட்டிவிட்டேன். டாட் காம் டொமைன் (வெப்சைட்டின் பெயர்) முதல் வருடம் இலவசம், மெயில் இலவசம், எஸ்எஸ்எல் (சைட்டுக்குப் போய் வருகிற தகவலைப் பூட்டுகிற சான்றிதழ்) இலவசம், எத்தனை வெப்சைட் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், இடம் அன்லிமிடெட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பக்கத்தின் அடியில், புதுப்பிக்கும்போது மாதம் 399 ரூபாய் என்று சின்ன எழுத்தில் இருக்கும். மூன்று வருடம் கழித்து அதே பிளானுக்கு ஜிஎஸ்டியோடு 16,949 ரூபாய். நாலு பங்கு. அதனால் ஹோஸ்டிங் விலையை ஒப்பிடும்போது முதல் தடவை விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள், அதுதான் உண்மையான விலை. இன்னொன்று, எஸ்எஸ்எல் இலவசம் என்பதைப் பெரிய சலுகையாகக் காட்டுவார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்கிற அமைப்பு அந்தச் சான்றிதழை எல்லோருக்கும் சும்மாவே தருகிறது, காலாவதியாகும் முன்னாலேயே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்கென்று தனியாக ஆயிரக்கணக்கில் கேட்கிற கம்பெனியாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது நியாயம் இல்லை. ஆரம்பத்தில் ஒரு வருடத்துக்கு மேலாகவே எந்தத் தொந்தரவும் இல்லை. சிபேனல் என்கிற ஹோஸ்டிங் கன்ட்ரோல் பக்கத்துக்குள் போய் ஒரு பட்டனைத் தட்டினால், வெப்சைட் செய்கிற மென்பொருளான வேர்ட்பிரஸ் ஏறிவிடும். சர்வர், லினக்ஸ், செக்யூரிட்டி அப்டேட் என்று எதுவும் தெரிய வேண்டாம், அதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்குச் சில நூறு பேர் வந்து நாலு பக்கம் பார்த்துவிட்டுப் போகிற சைட்டுக்கு அது தாராளமாகப் போதும். சர்வர் மும்பையில் என்று தேர்ந்தெடுக்க முடிந்ததால் கொல்கத்தாவில் திறந்தாலும் வேகமாகவே இருந்தது. அமெரிக்க சர்வர் என்றால் ஒவ்வொரு தடவையும் கடல் தாண்டிப் போய் வர வேண்டும், அந்தத் தாமதம் போனில் நன்றாகவே தெரியும். வாங்கும்போது சர்வர் எந்த ஊரில் என்று கேட்டு வாங்குங்கள், பின்னால் மாற்றுவது தலைவலி.

அப்புறம் தொந்தரவு மெதுவாக ஆரம்பித்தது. காலை நேரத்தில் சைட் இழுக்கும். சில சமயம் வெள்ளைத் திரையில் 508 என்று ஒரு எண்ணும், ரிசோர்ஸ் லிமிட் முடிந்துவிட்டது என்று ஒரு வரியும் வரும். நாங்கள் லாட்ஜ்காரர்கள், இதை எங்கள் பாஷையில் சொன்னால் சட்டென்று புரியும். மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி, கீழே எல்லா ரூமுக்கும் அதிலிருந்துதான் குழாய். ஒரு ரூம்காரர் குழாயை மூடாமல் போனால் மற்றவர்களுக்குக் காற்றுதான் வரும். அதைத் தடுக்க இப்போது பெரும்பாலான கம்பெனிகள் கிளவுட் லினக்ஸ் என்கிற ஏற்பாட்டை வைத்து, ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் இவ்வளவு சிபியு, இவ்வளவு மெமரி, ஒரே நேரத்தில் இத்தனை ப்ராசஸ் என்று அளவு கட்டிவிடுகிறார்கள். என் பிளானில் என்ட்ரி ப்ராசஸ் 20. அதாவது ஒரே நேரத்தில் இருபது வேலைதான் ஓடலாம், அதற்கு மேல் வந்தால் 508. இது விளம்பரத்தில் எங்கேயும் இருக்காது. சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் என்று ஒரு இடம் இருக்கும், அங்கே போனால் எந்த நேரத்தில் எது முட்டியது என்று கோடு போட்டுக் காட்டும். நான் அதைப் பார்ப்பதற்கு முன்னால் சாட்டில் கேட்டேன். பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. பல தடவை கேட்டும் அதேதான்.

பெரிய பிளானுக்கு மாறாமலே அது சரியானது. சத்துவாச்சாரியில் இந்த வேலை செய்கிற தம்பி ஒருவர் வந்து சைட்டுக்கு வந்துபோகிறவர்களின் பதிவான லாக் ஃபைலைத் திறந்து காட்டினார். எங்கள் சைட்டுக்கு வந்துகொண்டிருந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் மனிதர்களே இல்லை. பாட் (bot) என்கிற தானாக ஓடுகிற புரோகிராம்கள்தான், சில லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறவை, சில எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்கிற பழைய வாசலைத் தட்டுகிறவை. ஒவ்வொரு தட்டலுக்கும், வேர்ட்பிரஸை ஓட்டுகிற பிஹெச்பி எழுந்து பதில் சொல்ல வேண்டும், அதிலேயே இருபதும் தீர்ந்துவிடும். அவர் அந்தப் பழைய வாசலை அடைத்தார், லாகின் முயற்சிக்கு வரம்பு வைத்தார், கேஷ் (cache) பிளகின், அதாவது தயார் செய்த பக்கத்தைச் சேமித்து வைக்கிற ஒரு கூடுதல் புரோகிராம், போட்டுப் பக்கங்களை பிஹெச்பியை எழுப்பாமலே கொடுக்கிற மாதிரி செய்தார். ஆள் வரும்போதெல்லாம் ஓடுகிற வேர்ட்பிரஸ் க்ரானை (குறித்த நேரத்து வேலைகளைச் செய்கிற ஏற்பாடு) நிறுத்தி, சிபேனலில் கால் மணிக்கு ஒருமுறை ஓடுகிற மாதிரி மாற்றினார். ஒரு மத்தியானத்தில் முடிந்தது, 508 போயே போய்விட்டது. கூலியாக 1,500 ரூபாய் வாங்கினார், மனதாரக் கொடுத்தேன். ஆக, மலிவு ஹோஸ்டிங் மெதுவாக ஆனால் உடனே பிளானை மாற்றாதீர்கள், முதலில் ரிசோர்ஸ் யூசேஜையும் லாக்கையும் பாருங்கள். அதெல்லாம் பார்த்த பிறகும் முட்டினால் மாறலாம்.

அடுத்து மெயில். இதுதான் எனக்கு ரொம்ப வேதனை கொடுத்த விஷயம். பங்களாதேஷிலிருந்து வருகிறவர்கள் வந்து இறங்கின 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரத்தை ஆன்லைனில் பதிந்தாக வேண்டும், எங்கள் தொழிலில் அதை ஃபார்ம் சி என்போம். அதற்காக பாஸ்போர்ட், விசா நகலை முன்கூட்டியே மெயிலில் அனுப்பச் சொல்லுவோம், ரூம் உறுதி என்று நாங்களும் பதில் போடுவோம். திடீரென்று எங்கள் பதில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. நாங்கள் அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கே அவர்கள் பதில் வரவில்லையே என்று வேறு இடம் பார்த்துவிடுகிறார்கள். டாக்காவிலிருந்து ஒரு அம்மா, மகனுக்கு வைத்தியம், ராத்திரியில் வந்து நின்று, "நீங்கள் பதிலே போடவில்லையே, இருந்தாலும் விலாசம் இருந்ததால் வந்துவிட்டோம்" என்று சொன்னபோது என்ன சொல்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு ரூம் நிறைந்திருந்தது. பக்கத்து லாட்ஜில் பேசி இடம் வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு வெகு நேரம் ரிசப்ஷனிலேயே உட்கார்ந்திருந்தேன்.

காரணம் இதுதான். ஷேர்டு ஹோஸ்டிங்கில் நூற்றுக்கணக்கான அக்கவுண்டுகளுக்கு ஒரே ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்த சர்வரின் எண். அதில் முகம் தெரியாத யாரோ ஒருவர் ஸ்பேம் அனுப்பினால், அந்த ஐபியையே ஸ்பாம்ஹவுஸ் மாதிரியான கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் அதே ஐபியிலிருந்து போகிற எங்கள் மெயிலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். அதோடு 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதியை இறுக்கிவிட்டார்கள், எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்கிற அடையாளப் பதிவுகள் டொமைனில் சரியாக இல்லாத மெயிலை அவர்கள் நம்புவதில்லை. வெப்சைட்டில் இருக்கிற என்கொயரி ஃபார்ம் அனுப்புகிற மெயிலுக்கும் இதே கதிதான். உங்கள் தொழிலில் மெயில் முக்கியம் என்றால், ஹோஸ்டிங்கோடு இலவசமாக வருகிற மெயிலைத் தொடவே தொடாதீர்கள். ஜோஹோ, கூகுள் மாதிரி மெயிலையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் தனியாக வாங்குங்கள், டொமைனில் எம்எக்ஸ் பதிவை (மெயில் எங்கே வந்து சேர வேண்டும் என்று சொல்கிற பதிவு) அங்கே திருப்பி, எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் அவர்கள் சொல்கிறபடி போட்டுவிட்டால் போதும். என்கொயரி ஃபார்மையும் அந்த மெயில் வழியாகவே அனுப்புகிற மாதிரி ஒரு எஸ்எம்டிபி பிளகின் போட்டுக்கொள்ளுங்கள். இதை நான் செய்து முடிப்பதற்குள்தான் அடுத்தது வந்தது.

அகர்தலாவிலிருந்து எங்களிடம் பல தடவை தங்கின ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கூகுளில் எங்கள் லாட்ஜ் பெயரைத் தேடியிருக்கிறார். பெயருக்குக் கீழே தமிழும் இல்லை, வங்காளியும் இல்லை, வரிவரியாக ஜப்பான் எழுத்து, நடுவில் ஷூ கம்பெனிப் பெயர்கள். நான் சைட்டைத் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கூகுளிலிருந்து அந்த இணைப்பைத் தட்டினால் வேறு எங்கேயோ கொண்டுபோகிறது. சத்துவாச்சாரி தம்பிக்கு அனுப்பினேன். "அக்கா, இது தெரிஞ்ச வியாதிதான், ஜாப்பனீஸ் ஹேக்னு சொல்லுவாங்க, ஆயிரக்கணக்குல பக்கம் போட்டுருப்பான், கூகுளுக்கு மட்டும்தான் காட்டும், உங்களுக்குக் காட்டாது" என்றார். அவர் வந்து பார்ப்பதற்கு முன்னால், அன்று ராத்திரியே கம்பெனி எங்கள் அக்கவுண்டை சஸ்பெண்ட் செய்துவிட்டது. சர்வரில் மால்வேர், மற்ற வாடிக்கையாளர்களின் பாதுகாப்புக்காக நிறுத்துகிறோம் என்று ஒரு மெயில். நிறுத்தினது தப்பு என்று சொல்ல மாட்டேன், அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் சைட் மட்டுமா நின்றது? மெயில் நின்றது, அதில் இருந்த பாஸ்போர்ட் நகல்கள், புக்கிங் தேதிகள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. டொமைனும் அதே அக்கவுண்டில், அதைத் திருப்பிவிடவும் வழி இல்லை. ஒரே பூட்டில் எல்லாமே அடைபட்டுப் போச்சு.

எப்படி நுழைந்தார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. எத்தனை வெப்சைட் வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற பிளான்தானே, குடியாத்தத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற மாமா பையனுடைய சைட்டும் அதே அக்கவுண்டில்தான் இருந்தது. அதில் ஒரு பழைய கேலரி பிளகின், அதைச் செய்தவர்களே அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து, ஒரே அக்கவுண்ட் என்பதால் நேராக எங்கள் ஃபோல்டருக்குள்ளும் போய்விட்டார்கள். பக்கத்து அக்கவுண்டுகளுக்கு இடையே கம்பெனி சுவர் வைத்திருக்கும், ஒரே அக்கவுண்டுக்குள் இருக்கிற சைட்டுகளுக்கு நடுவே சுவர் கிடையாது. அன்லிமிடெட் வெப்சைட் என்பதன் ஆபத்து இது. சொந்தக்காரர், சினேகிதர் சைட்டை உங்கள் அக்கவுண்டில் வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டும் என்றால் அதன் அப்டேட்டையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கம்பெனி பேக்கப் இருக்கும், பழைய தேதிக்குத் திருப்பிவிடலாம் என்றுதான் நம்பியிருந்தேன். இல்லை. இடம் அன்லிமிடெட்தான், ஆனால் ஐநோடு என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஃபைல் என்றால் ஒன்று, ஒரு மெயில் என்றால் அதுவும் ஒன்று. ஒரு ரூம் போட்டோவை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதை ஏழெட்டு அளவில் வெட்டி வைக்கும், அத்தனையும் தனித்தனி ஃபைல். எங்கள் போட்டோ, டைல்ஸ் கடை போட்டோ, மெயில், கேஷ் ஃபைல் எல்லாம் சேர்ந்து 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தாண்டின அக்கவுண்டுக்குத் தானியங்கி பேக்கப் எடுக்க மாட்டோம் என்று அவர்களுடைய விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது. தாண்டினபோது ஒரு தகவல்கூட வரவில்லை. எனக்கு வந்த கோபத்தைவிட பயம்தான் அதிகம். வங்காளியில் எழுதின பக்கங்கள் எல்லாம் சிஎம்சிக்கு வந்த ஒரு ரிட்டையர்டு வாத்தியார் எங்களிடம் தங்கியிருந்த காலத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தது. அதைத் திரும்ப எங்கே போய் வாங்குவது? அப்பா வேறு, "இன்னாம்மா ஆச்சு, போனே வரலியே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரூம்கள் காலியாகக் கிடந்தன, மறுபடியும் ஸ்டேஷன் ஆட்களுக்குக் கமிஷன் கொடுத்து ஆள் பிடிக்க வேண்டிவந்தது. அந்தச் சமயத்தில் வாடகையும் கமிஷனும் சேர்த்து எப்படியும் 40,000 ரூபாய்க்குக் குறையாமல் போயிருக்கும்.

மீண்டது இப்படித்தான். சுத்தம் செய்து தருகிறோம் என்று கம்பெனியே ஒரு சேவையை நீட்டியது, ஒரு சைட்டுக்கு 8,000 ரூபாய்க்கு மேல், அதுவும் வருட சந்தா. வேண்டாம் என்றுவிட்டோம். எங்கள் ஐபி முகவரியை எழுதிக் கொடுத்தால் அந்த முகவரிக்கு மட்டும் சிபேனலைத் திறந்துவிடுவார்கள் என்பது தம்பி சொல்லித்தான் தெரியும், நீங்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாட்டில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டோம், திறந்தார்கள். பாதி டவுன்லோடில் கரண்ட் போய்விட்டது, திரும்ப வந்தபோது ரூட்டருக்குப் புது ஐபி, மறுபடியும் வெளியே நின்றோம், மறுபடியும் எழுதிக் கொடுத்தோம். ஒருவழியாக டேட்டாபேஸை (பக்கங்களில் எழுதினதெல்லாம் இருக்கிற இடம்) சிபேனலில் இருக்கிற பிஹெச்பி மைஅட்மின் வழியாகவும், போட்டோ ஃபோல்டரையும் மெயிலையும் தனியாகவும் இறக்கினோம். வங்காளிப் பக்கங்கள் டேட்டாபேஸில் பத்திரமாக இருந்தன, அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய ஃபைல்களைக் கழுவி உபயோகிக்கக் கூடாது என்று தம்பி பிடிவாதமாக இருந்தார். புது வேர்ட்பிரஸ், புதிதாக இறக்கின தீம், பிளகின், போட்டோ ஃபோல்டரில் ஒளிந்திருந்த பிஹெச்பி ஃபைல்களைத் தேடி அழிப்பது, டேட்டாபேஸில் நமக்குத் தெரியாத அட்மின் பெயர் இருந்தால் நீக்குவது, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுவது. கூகுள் தேடலில் நம் சைட் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டுகிற சர்ச் கன்சோலில் போய்ப் பார்த்தால் யாரோ ஒருவர் தன்னையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவரையும் நீக்கினோம். அந்த ஜப்பான் பக்கங்கள் கூகுளிலிருந்து மறைய வாரக்கணக்கில் ஆனது. தம்பிக்கு 6,000 ரூபாய் கொடுத்தேன்.

டொமைனை வெளியே எடுப்பது தனிப் போராட்டம். வேறு ரிஜிஸ்ட்ராருக்கு (டொமைன் பதிந்து தருகிற கம்பெனி) மாற்ற ஆத் கோட் என்கிற ரகசியக் குறியீடு வேண்டும். கேட்டால் ஐந்து நாளைக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது டொமைன்களை மேற்பார்க்கிற உலக அமைப்பான ஐகானின் விதி. சாட்டில் இழுத்தடித்தபோது அந்த விதியைக் குறிப்பிட்டு மெயில் போட்டேன், அன்றைக்கே வந்துவிட்டது. இது டாட் காம் மாதிரியானவற்றுக்கு, டாட் இன் டொமைன் நிக்ஸி என்கிற நம் நாட்டு அமைப்பின் கீழ் வருவதால் அதன் விதிகள் தனி. புதிதாக டாட் காம் பதிந்த முதல் 60 நாளில் மாற்ற முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், டொமைன் யார் பெயரில், யார் மெயிலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் மெயிலில் பதிந்திருப்பார், அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு போனும் எடுக்க மாட்டார். நம்ம ஊரில் எத்தனையோ கடைகளுக்கு இந்தக் கதை நடந்திருக்கிறது. அதேபோல, மெயிலை வேறு இடத்தில் வைத்த பிறகு, ரிஜிஸ்ட்ரார் அக்கவுண்டுக்கு அந்த டொமைன் மெயிலையே கொடுக்காதீர்கள், சாதாரண ஜிமெயில் கொடுங்கள். டொமைன் போனால் மெயிலும் போய்விடும், பாஸ்வேர்டை மீட்கக்கூட வழி இருக்காது.

இப்போது எப்படி வைத்திருக்கிறேன் என்றால், டொமைன் ஒரு ரிஜிஸ்ட்ராரிடம், டிஎன்எஸ் (டொமைன் பெயரை சர்வரின் முகவரிக்குத் திருப்புகிற பதிவுகள்) கிளவுட்ஃபிளேரின் இலவசப் பிளானில், மெயில் தனி இடத்தில், பேக்கப் தினமும் ராத்திரி அப்டிராஃப்ட்பிளஸ் பிளகின் வழியாக எங்கள் கூகுள் டிரைவுக்கு. மாசம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை லேப்டாப்பில் திறந்து, உள்ளே டேட்டாபேஸ் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். பாஸ்போர்ட் நகல்களை வேலை முடிந்ததும் மெயிலிலிருந்து அழித்துவிடுகிறோம், அது நம்மை நம்பி ஒருவர் அனுப்பினது. இத்தனைக்கும் பிறகு ஹோஸ்டிங் எது தெரியுமா? மறுபடியும் மலிவு ஷேர்டுதான், வேறு கம்பெனி, ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டினேன். கேட்டவர்களுக்கு ஆச்சரியம். விபிஎஸ்ஸுக்கு, அதாவது நாமே பராமரிக்க வேண்டிய தனி சர்வருக்கு, போ என்று சொன்னவர்கள் நிறைய. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லினக்ஸ் சர்வரை அப்டேட் செய்கிற ஆள் வீட்டில் இருந்தால் போகலாம். என்னிடம் இல்லை, நம்ம ஊர்ச் சின்னத் தொழில்காரர்கள் பலரிடமும் இல்லை. கவனிக்க ஆளில்லாத விபிஎஸ், ஷேர்டு ஹோஸ்டிங்கைவிட ஆபத்து. டொமைனும் மெயிலும் பேக்கப்பும் என் கையில் இருக்கிற வரைக்கும், இந்தக் கம்பெனி நாளைக்கு சஸ்பெண்ட் செய்தாலும் அடுத்த நாள் வேறு இடத்தில் சைட்டை ஏற்றிவிட முடியும். வெறும் விலை, போன் நம்பர், போட்டோ மட்டும்தான் போட வேண்டும் என்கிறவர்களுக்கு வேர்ட்பிரஸ்கூட வேண்டாம், சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களை கிளவுட்ஃபிளேர் பேஜஸ் மாதிரி இடத்தில் சும்மாவே வைக்கலாம். ஆனால் ஆன்லைனில் பணம் வாங்குகிற கடை, தீபாவளிக்கு முன்னால் ஒரே நேரத்தில் நூறு பேர் கார்ட்டில் நிற்கிற பட்டுப் புடவை சைட் என்றால், ஷேர்டு தாங்காது. கார்ட், செக்அவுட் பக்கங்களைக் கேஷில் வைக்க முடியாது, ஒவ்வொன்றும் பிஹெச்பியை எழுப்பும். அவர்கள் வேறு ஒருவர் பராமரித்துத் தருகிற மேனேஜ்டு ஹோஸ்டிங்கைத்தான் பார்க்க வேண்டும், அந்தச் செலவு நியாயமானது.

பணம் கட்டுவதற்கு முன் சாட்டில் இவற்றைக் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: என்ட்ரி ப்ராசஸ் எத்தனை, மெமரி எவ்வளவு, ஐநோடு வரம்பு என்ன, பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதைத் தாண்டினால் எடுக்க மாட்டீர்கள், மீட்டுத் தரக் காசு உண்டா, மணிக்கு எத்தனை மெயில் அனுப்பலாம், புதுப்பிக்கும் விலை என்ன. நேராகப் பதில் சொல்லாமல் பிளான் பக்கத்தின் லிங்கையே திரும்பத் திரும்ப அனுப்பினால், பிரச்சினை வந்த ராத்திரியிலும் அதைத்தான் அனுப்புவார்கள். 99.9 சதவீதம் அப்டைம் (சைட் நிற்காமல் ஓடுகிற நேரம்) என்பதை வைத்து மயங்க வேண்டாம், அந்தக் கணக்கிலேயே மாதத்துக்கு 43 நிமிடம் சைட் நிற்கலாம், அதற்கு மேல் நின்றாலும் தருவது அடுத்த பில்லில் சின்னக் கழிவுதான், போன வாடிக்கையாளருக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். அப்டைம்ரோபோ மாதிரி ஒரு சேவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சைட்டைப் பார்த்து, நின்றால் உங்களுக்குத் தகவல் கொடுக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 30 நாளில் பணம் வாபஸ் என்று இருந்தாலும் இலவச டொமைனுக்கான காசைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே ஆட்டோ ரினியூவலை நிறுத்துங்கள், ஹோஸ்டிங்குக்கு மட்டும்தான், டொமைனுக்கு நிறுத்தாதீர்கள். டாட் காம் டொமைன் காலாவதியாகி ரிடெம்ப்ஷன் (அபராதம் கட்டி மீட்கிற) நிலைக்குப் போய்விட்டால் மீட்க 30 நாள்தான் இருக்கும், அபராதமும் பல மடங்கு, அதையும் தவறவிட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஹோஸ்டிங் ரினியூவலை நிறுத்தினதும் முதலில் முழு பேக்கப்பை இறக்கி, டிரைவில் போட்டுத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு கம்பெனியிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள், கிளம்பத் தயாராக இருக்கிறவருக்குப் பல சமயம் குறைத்துத் தருகிறார்கள். தரவில்லை என்றால் கிளம்புங்கள். மாறுவதற்கு முந்தின நாளே டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கிற நேரம்) ஐந்து நிமிடமாகக் குறைத்து வையுங்கள், புது இடத்தில் சைட் சரியாகத் திறக்கிறது என்று பார்த்துவிட்டு முகவரியைத் திருப்புங்கள், பழைய அக்கவுண்டை உடனே மூடாமல் ஒரு வாரமாவது அப்படியே விட்டு வையுங்கள்.